விட்ட இடத்திலிருந்து... இயந்திரங்கள் பேசிக்கொண்ட கதை



போன செமஸ்டரில் எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பதிவு செய்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. சோம்பேறித்தனம் யாரை விட்டது? ஏ.ஐ. ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி இரண்டு முகவர் நிரல்களை இணைத்து வேலையை முடித்துவிடலாம் என்று இறங்கினேன். முதலாவது மேஸ்திரி மாதிரி, நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். இரண்டாவது வேலையாள், மேஸ்திரி கொடுக்கும் வேலையைச் செய்யும். மேஸ்திரியிடம் தெளிவாகவே சொல்லியிருந்தேன்: "வரவில்லை என்று எழுதியவர்களுக்கு அனுப்பாதே. அனுப்பும் முன் பட்டியலை என்னிடம் காட்டு."

நடுவில் வேலையாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது, மேஸ்திரியைக் கேட்டது. மேஸ்திரியும் பதில் சொன்னது. ஆனால் பழைய உரையாடலைத் தொடராமல், புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து பதில் சொல்லிவிட்டது. காரணம் நான்தான். தொடர்வதற்கு வேண்டிய அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்ப என் நிரலில் மறந்துவிட்டேன். புதிய உரையாடலில் என் நிபந்தனைகள் எதுவும் இல்லை. விளைவு, விலகிக்கொண்ட 14 பேருக்கும் "உற்சாகத்துடன் வருக" என்று அழைப்பு போய்விட்டது. அதில் ஒருவர், அப்பா தவறிவிட்டார், அதனால் வர இயலாது என்று எழுதியிருந்தவர்.

அவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். அந்த "பரவாயில்லைங்க" என்னைத் தூங்கவிடவில்லை. ஒரே ஓர் எண்ணை மறந்ததற்கு இவ்வளவா? அந்த எண் எதற்காக, யார் கண்டுபிடித்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் ஐம்பது வருடத்துக்கு மேல் பின்னால் கொண்டுபோய் விட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டரும் நோயாளியும்

இரண்டு நிரல்கள் வலையமைப்பு வழியே பேசிக்கொண்ட புகழ்பெற்ற முதல் சம்பவங்களில் ஒன்று 1972 செப்டம்பர் 18 அன்று நடந்தது. இன்றைய இணையத்தின் தாத்தாவான ஆர்ப்பாநெட் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

ஒரு பக்கம் "டாக்டர்". எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966-ல் வெளியிட்ட எலைசா நிரலின் மனநல மருத்துவர் வேடம் அது. நாம் சொல்வதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றால் "ஏன் கவலையாக இருக்கிறது?" என்கிற ரகம். மறுபக்கம் "பாரி". நம் கடையெழு வள்ளல் பாரி இல்லை! ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி உருவாக்கிய நிரல். சந்தேக நோய் பிடித்த ஒருவரைப் போல நடிக்கும். கோபம், பயம், அவநம்பிக்கை மூன்றுக்கும் உள்ளே கணக்கு வைத்திருக்கும், பேச்சுக்கு ஏற்ப அவை ஏறி இறங்கும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த டாக்டரையும் மேற்குக் கரையில் இருந்த பாரியையும் பேசவைத்தார்கள். பாரி குதிரைப் பந்தயம், சூதாட்டத் தரகர்கள், கொள்ளைக் கும்பல் என்று புலம்பியது. டாக்டர் "அதைப் பற்றி மேலும் சொல்லுங்கள்" என்கிற பாணியிலேயே சுற்றி வந்தது. முடிவில் டாக்டர் 399 டாலர் 29 சென்ட் கட்டணம் கேட்டு முடித்துக்கொண்டது! இந்த உரையாடலை வின்ட் செர்ஃப் 1973 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 439 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஆமாம், பின்னாளில் பாப் கானுடன் சேர்ந்து டி.சி.பி. நெறிமுறையை வடிவமைத்த அதே வின்ட் செர்ஃப்தான்.

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். டாக்டர் பெரும்பாலும் கடைசியாகக் கேட்ட வாக்கியத்தை வைத்தே ஓட்டியது. பத்து வரிக்கு முன்னால் என்ன பேசினோம் என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. இருவருக்கும் நடுவே முடிக்கவேண்டிய வேலை என்று எதுவும் கிடையாது. பேச்சு இருந்தது, பொறுப்பு இல்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் தொடர்ச்சியும் தேவைப்படவில்லை.

கரும்பலகை

வேலை என்று வந்ததும் நிலைமை மாறியது. 1970-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹியர்சே-2 என்ற பேச்சை அறியும் நிரலை உருவாக்கினார்கள். சுமார் 1,000 சொற்களை வைத்துப் பேசப்படும் வாக்கியங்களைப் புரிந்துகொள்வது இலக்கு. அதன் பின்னணியில் இருந்த முக்கியமானவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்றவர். 1994-ல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் சேர்ந்து டூரிங் விருது பெற்றவர்.

ஹியர்சேயில் ஒலியை அறிய ஒரு பகுதி, சொல்லை ஊகிக்க ஒரு பகுதி, இலக்கணத்தைப் பார்க்க ஒரு பகுதி என்று பல "நிபுணர்கள்" இருந்தார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசமாட்டார்கள். நடுவில் ஒரு கரும்பலகை. ஒருவர் தன் ஊகத்தை அதில் எழுதுவார், மற்றவர் அதைப் பார்த்துத் தன் பங்கைச் சேர்ப்பார்.

இதன் அழகு என்னவென்றால், யார் எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாம் பலகையில் இருக்கிறதே! சிக்கலும் அதிலேயே இருக்கிறது. எல்லோரும் ஒரே பலகையைப் பார்க்கவேண்டும். வேலையாள் வேறு ஊரில், வேறு கணினியில் இருந்தால் பலகைக்கு எங்கே போவது?

டெண்டர் விட்டார்கள்

இதற்கு விடை சொன்னவர் ரீட் ஸ்மித். 1980 டிசம்பரில் வெளிவந்த அவருடைய "கான்ட்ராக்ட் நெட்" கட்டுரையைப் பற்றிப் படித்தபோது, அட, இது நம் ஊர் பொதுப்பணித்துறை டெண்டர் மாதிரியல்லவா இருக்கிறது என்று தோன்றியது.

வேலை வைத்திருக்கும் கணினி "இன்ன வேலை இருக்கிறது, இன்ன தகுதி வேண்டும், இன்ன நேரத்துக்குள் சொல்" என்று அறிவிக்கும். மற்ற கணினிகள் விலைப்புள்ளி அனுப்பும். பொருத்தமானதற்கு வேலை கொடுக்கப்படும். எடுத்தவர் அந்த வேலையைத் துண்டு போட்டு அடுத்தவருக்கு உள்குத்தகை விடலாம். அப்போது அவரும் மேலாளர் ஆகிவிடுவார். வேலை நடக்கும்போது இடைக்கால அறிக்கை, முடிந்ததும் இறுதி அறிக்கை, நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் ரத்து அறிவிப்பு. எல்லாவற்றுக்கும் வடிவம் உண்டு.

முக்கியமான விஷயம் இதுதான்: ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புநர், பெறுநர், செய்தியின் வகை இவற்றோடு ஒப்பந்த எண்ணும் இருக்கும். ஒரே கணினி பத்து வேலைகளை எடுத்திருந்தாலும், வரும் அறிக்கை எந்த வேலையைப் பற்றியது என்று அந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் மறந்த எண்ணின் முப்பாட்டன் இவர்தான் :)

சொல்லப்போனால் மனிதர்களின் மின்னஞ்சலில் இந்த எண்ணம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1977 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 733, "எந்தக் கடிதத்துக்குப் பதில்" என்று சொல்லும் தலைப்பு வரியை வரையறுத்தது. இன்று ஒரு கடிதத்தின் கீழே அதன் பதில்கள் வரிசையாக அடுக்கப்படுவது அந்த ஒரு வரியின் புண்ணியம்.

பேச்சும் ஒரு செயலே

1990-களில் இந்தத் துறைக்குத் தத்துவம் வந்து சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவஞானி ஜே.எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள், அவர் மறைந்த பிறகு 1962-ல் நூலாக வந்தன. அவர் சொன்னது எளிமையானது. சில சொற்கள் உலகத்தை விவரிப்பதில்லை, செயலையே செய்துவிடுகின்றன. "வாக்குக் கொடுக்கிறேன்" என்றால் அங்கேயே ஒரு காரியம் நடந்துவிட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பதும் அப்படித்தான்.

இதை அப்படியே நிரல்களுக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா நிதி உதவியில் கே.க்யூ.எம்.எல். என்ற மொழி பிறந்தது. டிம் ஃபினின் அதில் முக்கியமானவர். ஒவ்வொரு செய்தியும் "இது கேள்வி", "இது தகவல்", "இதைச் செய்து முடி" என்று தன் செயலை முதலில் அறிவித்துவிடும். கூடவே "பதில் போடும்போது இந்த எண்ணைக் குறிப்பிடு", "இது அந்த எண்ணுக்கான பதில்" என்று இரண்டு கட்டங்கள். "இந்த வேலைக்கு ஏற்ற ஆளைத் தேடிக் கொடு" என்று தரகரிடம் கேட்கவும் வழி இருந்தது.

1996-ல் ஃபிபா என்ற அமைப்பு சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. கால்பந்து ஃபிஃபா வேறு, இது வேறு! அவர்களுடைய மொழியில் 22 வகைப் பேச்சுச் செயல்கள் இருந்தன. "சம்மதம்", "மறுக்கிறேன்", "புரியவில்லை" என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை. எல்லாவற்றுக்கும் மேலாக உரையாடல் எண் என்றே ஒரு கட்டம் வைத்தார்கள். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று நிற்காமல் முழு உரையாடலுக்கும் ஒரே பெயர். என் நிரலில் நான் விட்டது இதைத்தான். 2005-ல் ஃபிபா ஐ.இ.இ.இ. கணினிச் சங்கத்தின் குழுக்களில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

இவ்வளவு நேர்த்தியான மொழி ஏன் எல்லா இடத்துக்கும் பரவவில்லை? ஒரு முக்கியமான காரணத்தை முனிந்தர் சிங் என்ற ஆய்வாளர் 1998-லேயே எழுதினார். ஃபிபா முறையில் "தகவல் சொல்கிறேன்" என்றால், சொல்பவர் அதை உண்மை என்று நம்பவேண்டும் என்பது விதி. ஆனால் வேறு ஒரு நிறுவனத்தின் நிரல் உள்ளுக்குள் எதை "நம்புகிறது" என்று யார் திறந்து பார்ப்பது? மனதுக்குள் இருப்பதை விட்டுவிட்டு, வெளியே கொடுத்த வாக்கை வைத்து அளக்கவேண்டும் என்பது அவர் வாதம். நீ வாக்குக் கொடுத்தாயா, காப்பாற்றினாயா? அதை எவரும் சரிபார்க்கலாம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மனிதர்களையும் நாம் அப்படித்தானே அளக்கிறோம்.

இதே காலத்தில் ஜெனரல் மேஜிக் என்ற நிறுவனம் டெலிஸ்கிரிப்ட் என்று வேறு ஒரு வழியில் போனது. செய்தி அனுப்புவதற்குப் பதில், முகவர் நிரலே தன் நினைவையும் சுமந்துகொண்டு இன்னொரு கணினிக்குப் பயணம் போகும்! போன இடத்தில் விட்ட வரியிலிருந்து தொடரும். ஏ.டி.&டி. நிறுவனம் 1994-ல் இதை நம்பி ஒரு சேவையைத் தொடங்கி, 1996-ல் மூடிவிட்டது. உலகளாவிய வலை அதற்குள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண் இல்லாத பேச்சு

உரையாடல் எண்ணும் இல்லை, நிபந்தனையும் இல்லை, நடுவில் மனிதரும் இல்லை என்றால் என்ன ஆகும்? இரண்டு சம்பவங்கள்.

2011 ஏப்ரலில் பெர்க்லி உயிரியலாளர் மைக்கேல் ஐசன் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். ஈயின் வளர்ச்சி பற்றி பீட்டர் லாரன்ஸ் எழுதிய ஒரு பழைய பாடப்புத்தகம் அமேசானில் லட்சக்கணக்கான டாலருக்கு மேல் விற்பனைக்கு இருந்தது. இரண்டு விற்பனையாளர்களின் விலை நிரல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று, எதிராளியின் விலையில் 0.9983 மடங்கு வைத்தது. மற்றது, எதிராளியின் விலையில் 1.270589 மடங்கு வைத்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சுமார் 1.268 வரும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் விலை கால் பங்குக்கு மேல் ஏறும். கடைசியில் 2 கோடியே 36 லட்சம் டாலரையும் தாண்டியது! தனித்தனியே பார்த்தால் இரண்டு நிரல்களும் சொன்ன வேலையைத்தான் செய்தன.

இரண்டாவது சம்பவம் வேடிக்கையானதில்லை. 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் டௌ குறியீடு சில நிமிடங்களில் பல நூறு புள்ளிகள் சரிந்து மீண்டது. அதிவேக வர்த்தக நிரல்கள் ஒரே ஒப்பந்தங்களைத் தமக்குள் சுடும் உருளைக்கிழங்கைப் போல மாற்றி மாற்றி விற்றுக்கொண்டன. 14 விநாடிகளில் 27,000-க்கும் அதிகமான ஒப்பந்தங்கள் அவற்றின் கை மாறின, ஆனால் நிகரமாக வாங்கியது சுமார் 200 மட்டுமே என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிக்கை சொன்னது. சிகாகோ சந்தையில் வர்த்தகம் 5 விநாடி தானாக நிறுத்தப்பட்டது. ஐந்தே விநாடிதான்! அதற்குப் பிறகு விலை நிலைத்து ஏற ஆரம்பித்தது. "கொஞ்சம் பொறு, பார்த்துவிட்டுத் தொடரலாம்" என்பதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது பாருங்கள்.

மறதிக்கார மேதைகள்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. பழைய ஆய்வாளர்கள் 22 வகைச் செயல்களாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லவேண்டியிருந்ததை, இந்தப் பெரிய மொழி மாதிரிகள் சாதாரண வாக்கியத்திலேயே புரிந்துகொண்டன. ஆனால் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மொழி மாதிரிக்குத் தானாக எந்த நினைவும் கிடையாது. நாம் ஒவ்வொரு வரி தட்டும்போதும், அதுவரை நடந்த உரையாடல் பின்னணியில் மறுபடியும் அதற்கு அனுப்பப்படுகிறது. அது முதல் முறையாகப் படிப்பதைப் போலப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் அதிகாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோப்பு காணாமல் போனால் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது.

2023-ல் இந்த மாதிரிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் முயற்சிகள் வரிசையாக வந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 25 முகவர்களை ஒரு கற்பனைக் கிராமத்தில் குடியேற்றினார்கள். ஒருத்தியின் காதலர் தின விருந்துச் செய்தி வாய்வழியாகப் பரவி, சிலர் நேரத்துக்கு வந்தும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி நினைவேடு வைத்ததால்தான் அது சாத்தியமானது. மைக்ரோசாஃப்டின் ஆட்டோஜென் அதே ஆண்டு வந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மாதிரிகள் வெளிக் கருவிகளை அழைக்கும் எம்.சி.பி. நெறிமுறையை வெளியிட்டது. ஒரு முகவரையே கருவி போல வைத்து இன்னொரு முகவர் அழைப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. என் மேஸ்திரியும் வேலையாளும் அந்த ரகம்தான். முதல் அழைப்பில் கருவி ஓர் அடையாள எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த அழைப்பில் அதைச் சேர்த்து அனுப்பினால் பழைய கோப்பு திறக்கும். இல்லையென்றால் புதுக் கோப்பு.

2025 ஏப்ரலில் கூகுள் ஏ2ஏ நெறிமுறையை அறிவித்தது, அதே ஆண்டு ஜூனில் அது லினக்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் வேலைக்கு ஓர் எண், அந்த வேலை அடங்கிய மொத்த உரையாடலுக்கு வேறு ஓர் எண். வேலையின் நிலைகளில் "நடக்கிறது", "முடிந்தது", "தோற்றது" இவற்றோடு, "உன்னிடமிருந்து தகவல் வேண்டும்" என்றும் ஒரு நிலை உண்டு. முடிந்த வேலையை மறுபடி திறக்க முடியாது. அதே உரையாடல் எண்ணின் கீழ் புது வேலையாகத்தான் தொடங்கவேண்டும். யார் எப்போது எதை முடித்தார் என்ற பதிவு கலையக்கூடாது என்பதற்காக! 1980-ன் ஒப்பந்த எண்ணும் 1990-களின் உரையாடல் எண்ணும் கைகோத்து நிற்பது போல எனக்குத் தெரிந்தது.

எண் செய்யாத வேலை

இவ்வளவு படித்த பிறகு என் நிரலைத் திறந்தேன். அடையாள எண்ணைச் சேர்க்க இரண்டே வரிதான். சேர்த்துவிட்டு ஓட்டினால் வேலையாள் விட்ட இடத்திலிருந்து சமர்த்தாகத் தொடர்ந்தது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். வேலையாள் நாளை மூன்றாவது ஒரு முகவருக்கு உள்குத்தகை விட்டால்? மேஸ்திரிக்கும் வேலையாளுக்கும் நடுவே உள்ள எண் அங்கே செல்லாது. அங்கே புது உரையாடல், புது எண். என் நிபந்தனையை வேலையாள் மறக்காமல் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. எண் கோப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கோப்பில் இல்லாத நிபந்தனையை அது உருவாக்காது. ரீட் ஸ்மித் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தகுதியையும் கெடுவையும் தனியாக எழுதச் சொன்னதும், முனிந்தர் சிங் வெளிப்படையான வாக்கைத்தான் நம்பவேண்டும் என்றதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஆகவே இன்னொரு மாற்றமும் செய்தேன். "அனுப்பும் முன் காட்டு" என்பதை உரையாடலில் சொல்வதை நிறுத்திவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பும் கடைசிப் படியையே என் கையில் வைத்துக்கொண்டேன். எத்தனை முகவர்கள் எத்தனை முறை மறந்தாலும், நான் பட்டியலைப் பார்த்துப் பொத்தானை அழுத்தாமல் ஒரு கடிதமும் வெளியே போகாது. சிகாகோ சந்தையின் அந்த 5 விநாடி மாதிரி.

1972-ல் டாக்டரும் பாரியும் பேசி முடித்தபோது யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. 399 டாலரைக் கூட யாரும் கட்டவில்லை! இன்று முகவர்கள் பேசி முடித்தால் ஒரு கடிதம் போகிறது, ஒரு பணம் மாறுகிறது, ஒரு பெயர் பட்டியலில் சேர்கிறது. மறுமுனையில் ஒரு மனிதர் அதைப் படிக்கிறார். அப்பாவை இழந்த வாரத்தில் கூட அவர் அதைப் படிக்க நேரிடலாம். வேலையை ஒப்படைக்கலாம், மன்னிப்புக் கேட்பதை ஒப்படைக்க முடியாது என்பதுதான் இந்தப் பாடத்தில் நான் எடுத்த மதிப்பெண்.

அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.